பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீட்டு உரிமையாளர்களிடம் பாக்கியை எப்படி வசூலிப்பது?

கேள்வி கேட்டவர் அறுபது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்குப் புதிதாகப் பொருளாளர் ஆனவர். ஒன்பது உரிமையாளர்கள் மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. ஒருவருக்கு 26 மாதப் பாக்கி. தரைத்தளத்துக்காரர் ஒருவர் "நான் லிஃப்டே ஏறுவதில்லை, எதற்குக் கட்ட வேண்டும்" என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் இன்னொருவர் பதிலே போடுவதில்லை. தண்ணீரை நிறுத்தலாமா, பெயரைப் பலகையில் எழுதலாமா, வழக்குப் போட்டால் பணம் வருமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் தண்ணீர். அதில் கை வைக்காதீர்கள். கோபத்தில் குழாயை அடைத்த மறுநாள் காவல் நிலையத்தில் புகார்தாரர் அவர், எதிராளி நீங்கள். இரண்டு வருடமாகப் பணம் தராதவர் ஒரே இரவில் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருந்தால் நீதிமன்றம் முதலில் தண்ணீரைத் திறக்கச் சொல்லும், பிறகுதான் உங்கள் கணக்கைக் கேட்கும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர், வீட்டுக்குப் போகும் வழி ஆகிய நான்கையும் வசூல் ஆயுதங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், விழாக் கூடம் முன்பதிவு போன்றவை வேறு. அவற்றைத் துணைவிதியில், அதாவது சங்கம் தனக்கென்று வைத்திருக்கும் விதித்தொகுப்பில், எழுதிவைத்துத்தான் மறுக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாக்கி வைத்திருப்பவரைப் பற்றி யோசிக்குமுன் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான சங்கங்கள் வசூலில் தோற்பது அங்கேதான். உங்கள் குடியிருப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், ஒரு நீதிபதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் படித்துவிட்டு "ஆமாம், இவர் இவ்வளவு தரவேண்டும்" என்று சொல்லும்படி உங்களிடம் காகிதம் இருக்கிறதா? அதற்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். கட்டணம் விதிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? இந்தத் தொகையை எந்தக் கூட்டம், எந்தத் தேதியில் முடிவு செய்தது? இந்த வீட்டுக்கு எந்தெந்த மாதம் எவ்வளவு விதிக்கப்பட்டது, எவ்வளவு வந்தது?

முதல் கேள்விக்குப் பதில் சட்டம், துணைவிதி, கிரயப் பத்திரம் ஆகியவற்றில் இருக்கும். சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதை உறுதிசெய்யுங்கள். செயற்குழுவில் இருப்பவர்களுக்கே இது தெரியாமல் இருப்பது சர்வசாதாரணம். கூட்டுறவுச் சங்கமா, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்ததா, அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்ததா என்பதைப் பொறுத்து வசூலுக்கான வழியே மாறும். பதிவே இல்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். கட்டணத்தைப் போன வருடம் உயர்த்தியிருப்பீர்கள். ஆனால் பொதுக்குழுவுக்கு முறையாக அறிவிப்புப் போனதா, தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வந்தார்களா, மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் கையெழுத்தோடு இருக்கிறதா? வாட்ஸ்அப் குழுவில் "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று கேட்டு நாற்பது கட்டைவிரல் விழுந்தது தீர்மானம் ஆகாது. உயர்வு முறைப்படி நிறைவேறவில்லை என்றால், பழைய தொகைக்கு மட்டும் பாக்கிக் கணக்குப் போடுங்கள். உயர்வை அடுத்த கூட்டத்தில் சரியாக நிறைவேற்றி அந்தத் தேதியிலிருந்து வசூலியுங்கள். சர்ச்சைக்குரிய பகுதியையும் சேர்த்துக் கேட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் இழுத்தடிப்பார்.

மூன்றாவது, பேரேடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பக்கம். விதித்த மாதம், தொகை, கட்டிய தேதி, ரசீது எண், மீதி. வட்டி தனிப் பத்தியில் இருக்கட்டும். அசலோடு கலக்க வேண்டாம். சிறப்பு நிதி, அதாவது பெயின்ட் அடித்ததற்கும் லிஃப்ட் மாற்றியதற்கும் போட்ட தொகை, அதுவும் தனி. "பழைய பாக்கி" என்று ஒரே வரியில் பெருந்தொகையைக் காட்டும் பேரேட்டை எந்த நீதிமன்றமும் நம்பாது. முன்னாள் பொருளாளர் ஒப்படைத்த கணக்கில் அப்படி ஒரு வரி இருந்தால் வங்கி அறிக்கைகளை வைத்து மாதவாரியாகப் பிரித்தெழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதை முடிக்கும்போதே ஒன்பது பேரில் ஒன்றிரண்டு பேர் உண்மையில் கட்டியிருக்கிறார்கள், பணம் வேறு வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது என்பதும் தெரியவரலாம். அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செயற்குழு உறுப்பினர்களின் சொந்தப் பாக்கியையும் இதே சூட்டில் தீர்த்துவிடுங்கள். பட்டியலில் செயலாளரின் வீட்டு எண் இருந்தால் மற்ற எட்டுப் பேரும் அதைத்தான் பேசுவார்கள்.

கணக்குச் சரியானதும் ஒன்பது பேரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மறந்தவர், பணமில்லாதவர், சங்கத்தின் மேல் கோபமாக இருப்பவர், தராமலே காலம் தள்ளலாம் என்று கணக்குப் போட்டவர், கண்ணிலேயே படாதவர் என்று ஐந்து வகை உண்டு. மறந்தவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் வங்கியில் தானியங்கிப் பட்டுவாடா ஏற்பாடும் போதும். பணமில்லாதவரிடம் நேரில் பேசுங்கள், செயற்குழு முழுவதும் போய் நிற்க வேண்டாம், ஒருவர் போதும். வேலை போயிருக்கலாம், வீட்டில் நோய் இருக்கலாம். அவருக்குத் தவணை கொடுங்கள், வட்டியைத் தள்ளுபடி செய்ய முன்வாருங்கள், ஆனால் அந்தப் பேச்சு எழுத்தில் வர வேண்டும்.

கோபமாக இருப்பவர் வேறு மாதிரி. மொட்டை மாடி ஒழுகி அவர் கூரை ஊறிப்போயிருக்கும், மூன்று தடவை எழுதியும் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் கட்டாமல் இருப்பது உங்களிடம் பேச அவருக்குத் தெரிந்த ஒரே வழி. இவருக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பு அந்த ஒழுகலைப் பாருங்கள். சட்டப்படி சேவையில் குறை என்று சொல்லிப் பொதுச் செலவின் பங்கை நிறுத்த முடியாது என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள நிலைதான். அதற்காக அவருடைய புகார் பொய்யாகிவிடாது. "கூரையைச் சரிசெய்கிறோம், பாக்கியை இந்தத் தேதிக்குள் கட்டுங்கள்" என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். கூரை சரியான பிறகும் கட்டாவிட்டால் அவருக்குச் சாக்கு இல்லை, உங்களுக்கு ஆவணம் இருக்கிறது.

தரைத்தளத்துக்காரரின் வாதம் எல்லாக் குடியிருப்புகளிலும் வரும். மகாராஷ்டிராவின் 1970 ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டமும் கர்நாடகாவின் 1972 ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன: பொது வசதியை நான் பயன்படுத்தவில்லை என்றோ, வீட்டைப் பூட்டிவிட்டேன் என்றோ சொல்லி எந்த உரிமையாளரும் தன் பங்கிலிருந்து விலக முடியாது. பங்கு என்பது உரிமையோடு வருவது, பயன்பாட்டோடு அல்ல. லிஃப்ட் செலவில் தரைத்தளத்துக்குக் குறைவான பங்கு என்று துணைவிதியிலோ பத்திரத்திலோ எழுதியிருந்தால் மட்டும் அதன்படி நடக்கலாம். அது வேண்டும் என்றால் அவர் பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவரட்டும். அதுவரை கட்டிக்கொண்டே வாதாடலாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எதிர்ப்போடு கட்டுவதாக ரசீதில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதியே கொடுங்கள். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இனி நோட்டீஸ். முதலில் நினைவூட்டல், அதற்குப் பிறகு சங்கத்தின் தாளில் முறையான கோரிக்கைக் கடிதம், கடைசியில் வக்கீல் நோட்டீஸ். மூன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விடாதீர்கள். பாக்கி மூன்று மாதத்தைத் தாண்டினாலே முறையான கடிதம் போக வேண்டும் என்று செயற்குழு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் "என்னை மட்டும் குறிவைக்கிறார்கள்" என்ற பேச்சு எழாது. கடிதத்தில் மாதவாரிக் கணக்கு, வட்டி விகிதமும் அதை அனுமதிக்கும் தீர்மானமும், கட்ட வேண்டிய கடைசித் தேதி, வங்கிக் கணக்கு விவரம், கணக்கில் தவறு இருந்தால் எழுத்தில் சொல்ல ஒரு வாய்ப்பு, இவ்வளவு போதும். "கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" போன்ற வீராப்பு வேண்டாம். சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் பதிவு அல்லது விரைவுத் தபாலில், வீட்டு முகவரிக்கும் பத்திரத்தில் உள்ள முகவரிக்கும் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. திரும்பி வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், பிரிக்காமல் கோப்பில் வையுங்கள், அதுவும் சான்றுதான்.

வட்டியைப் பற்றி ஒரு சொல். மகாராஷ்டிராவின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான 2014 ஆம் ஆண்டு மாதிரித் துணைவிதி ஆண்டுக்கு 21 விழுக்காடு வரை தனிவட்டி விதிக்க அனுமதித்தது. மலேசியாவில் உச்ச வரம்பு 10 விழுக்காடு. உங்கள் ஊர் வரம்பு எதுவானாலும், கூட்டுவட்டியும் அதற்குமேல் அபராதமும் போட்டுத் தொகையை ஊதிப் பெருக்காதீர்கள். மாதக் கட்டணம் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 மாதத்துக்கு அசல் 26,000. ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி என்றால் வட்டி 3,510. மாதம் 2 விழுக்காடு கூட்டுவட்டி போட்டால் அது 8,300-ஐத் தாண்டும். இரண்டாவது கணக்கைப் பார்த்தவர் அசலைப் பற்றிப் பேசவே மாட்டார், வட்டியைப் பற்றித்தான் சண்டை போடுவார். முதல் கணக்கைக் காட்டி, "இந்த மாதத்துக்குள் அசலைக் கட்டினால் 3,510-ஐப் பொதுக்குழு ஒப்புதலோடு விட்டுவிடுகிறோம்" என்றால் கதவு திறக்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே சலுகையாக, ஒரே ஒரு முறை மட்டும் இருக்க வேண்டும். வருடா வருடம் வட்டித் தள்ளுபடி அறிவிக்கும் சங்கம், ஒழுங்காகக் கட்டுபவரை ஏமாளி ஆக்குகிறது.

காலவரம்பைக் கவனியுங்கள். உங்கள் 26 மாதக்காரர் விஷயத்தில் மணி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் காலவரையறைச் சட்டம் 1963-இன்படி பொதுவான பணக் கடனுக்கு வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள்தான். ஒவ்வொரு மாதத் தவணைக்கும் அதனதன் கெடு தேதியிலிருந்து தனித்தனியாக ஓடும். சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுகள். பாக்கி வீட்டின் மீதே சட்டப்படி பொறுப்பாக ஏறியிருந்தால், அதாவது அந்த வீடே பாக்கிக்கு ஈடாக நின்றால், அந்தப் பொறுப்பை நடைமுறைப்படுத்த இந்தியாவில் 12 ஆண்டுகள் உண்டு. எப்படியானாலும் அந்த எல்லையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இந்தியச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி, கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்திட்டால் மணி மறுபடி முதலிலிருந்து ஓடும். 19 ஆம் பிரிவின்படி பகுதிப் பணம் கட்டினாலும் அப்படியே, ஆனால் அந்தப் பணம் கட்டியது அவர் கையெழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதனால்தான் தவணைப் பேச்சை எழுத்தில் வாங்குங்கள் என்றேன். அவர் தன் கையால் "இத்தனை மாதப் பாக்கி, இவ்வளவு தொகை, இந்தத் தேதிகளில் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள், பத்து நோட்டீஸ்களைவிட மேல். தவணை தவறினால் எழுத்து ஒப்பந்தத்தை அடிப்படையாக வைத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37 ஆம் ஆணையின் கீழ் சுருக்கமுறை வழக்குக்குப் போக முடியுமா என்று வக்கீலிடம் கேட்கலாம். சாதாரண வழக்கைவிட அது விரைவு.

பகுதிப் பணம் வந்தால் அதை எந்த மாதத்துக்கு வரவு வைப்பது? பலர் யோசிப்பதே இல்லை. அவர் "இது இந்த மாதத்துக்கு" என்று குறிப்பிட்டுக் கட்டினால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 ஆம் பிரிவின்படி நீங்கள் அப்படித்தான் வைக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் கட்டினால் 60 ஆம் பிரிவு உங்களுக்குத் தேர்வைக் கொடுக்கிறது; மிகப் பழைய பாக்கியில் வையுங்கள். காலாவதியாகப் போகும் மாதங்கள் முதலில் தீரும், புதிய மாதங்களுக்கு இன்னும் கெடு இருக்கும். ரசீதில் எந்த மாதத்துக்கு என்று எழுதிக் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

பெயர்ப் பலகை. இது இடத்துக்கு இடம் மாறும். மலேசியாவில் 2013 ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிகள் கட்டணம் கட்டாதவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் போட வெளிப்படையாக அனுமதி தருகின்றன. நுழைவு அட்டையைச் செயலிழக்கச் செய்யவும், பொது வசதிகளை மறுக்கவும் அங்கே வழி உண்டு. ஸ்பெயினில் 1960 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளர் கூட்டத்துக்கான அழைப்பிலேயே பாக்கிக்காரர்கள் பட்டியல் இருக்க வேண்டும்; அவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசலாம், வாக்களிக்க முடியாது. கணக்கை எதிர்த்து வழக்குப் போட்டவருக்கும், தொகையை நீதிமன்றத்திலோ நோட்டரியிடமோ கட்டிவைத்தவருக்கும் வாக்குரிமை பறிபோகாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: சண்டை போடலாம், பணத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சண்டை போடுங்கள் என்கிறது. சிங்கப்பூரிலும் கட்டணம் பாக்கி வைத்தவர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது.

சட்டமோ துணைவிதியோ இப்படித் தெளிவாகச் சொல்லாத இடத்தில் பெயரோடு பலகை வைப்பது அவதூறு வழக்குக்கு அழைப்பு விடுப்பதுதான், அதுவும் தொகையில் ஒரு பிழை இருந்துவிட்டால். ஆண்டுக் கணக்கறிக்கையின் இணைப்பில் வீட்டு எண், பாக்கித் தொகை மட்டும் கொடுங்கள். உறுப்பினர்களுக்குக் கணக்குப் பார்க்க உரிமை உண்டு, அதை வெளியாருக்குக் காட்ட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் செய்வது, வீட்டுக் கதவில் ஒட்டுவது, குழந்தைகளை விளையாட்டு மைதானத்திலிருந்து விரட்டுவது, இவற்றைச் செய்யும் செயற்குழு பணத்தையும் இழக்கும், அடுத்த தேர்தலையும் இழக்கும்.

வசதி மறுப்பு, வாக்குரிமை நிறுத்தம், தேர்தலில் நிற்கத் தடை இவற்றை உங்கள் சட்டம் அனுமதித்தால் துணைவிதியில் சேருங்கள். முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துப் பயன்படுத்துங்கள். பாக்கி தீர்ந்த அன்றே வசதியைத் திருப்பிக் கொடுங்கள். அங்கே தாமதித்தால் அடுத்தவர் உங்களை நம்ப மாட்டார்.

வழக்குக்குப் போகும் பாதையும் ஊருக்கு ஊர் வேறு. மகாராஷ்டிராவில் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானவை சிவில் நீதிமன்றத்துக்குப் போகாமலே பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் கேட்கலாம்; 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101 ஆம் பிரிவில் இருந்த இந்த வழி, வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று 2019-இல் சேர்க்கப்பட்ட அத்தியாயத்தில் 154பி-29 ஆம் பிரிவாக இருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம், ஜப்தி வரை போகும். மலேசியாவில் முதலில் 14 நாளுக்குக் குறையாத கெடுவோடு எழுத்துக் கோரிக்கை. பிறகு நீதிமன்றம், அல்லது அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம், அல்லது கட்டட ஆணையரிடம் அசையும் பொருள் ஜப்திக்கு உத்தரவு. சிங்கப்பூரில் நிர்வாகக் கழகம், அதாவது அங்கே உரிமையாளர்களின் அமைப்பு, வீட்டின் மீது பொறுப்புப் பதிவு செய்யலாம், முற்றினால் விற்கும் அதிகாரம்கூட உண்டு. தமிழ்நாட்டில் 1994 ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் இடத்தில் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தை வைத்து எழுதிய துணைவிதி உங்களிடம் இருந்தால் நோட்டீஸ் எழுதுமுன் வக்கீலிடம் காட்டிப் புதுப்பியுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் அதிகம் பயன்படுத்தாத ஒரு வாசல் லோக் அதாலத், மக்கள் நீதிமன்றம். 1987 ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் கீழ், வழக்குப் போடுவதற்கு முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு உத்தரவானால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்ற வளாகத்திலிருந்து வந்த உறையைப் பார்த்ததும் உட்கார்ந்து பேசத் தயாராகும் ஆட்கள் நிறைய. தராமலே காலம் தள்ளலாம் என்று கணக்குப் போட்டவரில் பாதிப்பேர் அந்த ரகம்.

வழக்கே என்றால், யார் சங்கத்தின் சார்பில் கையெழுத்திடுவது என்று செயற்குழு தீர்மானம் போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே முதல் ஆட்சேபம் ஆகும். ஒன்பது பேர் மீதும் ஒரே நாளில் வழக்குப் போடாதீர்கள். கணக்குச் சுத்தமாக இருக்கும், தொகை பெரியதாக இருக்கும், வசதி உள்ளவர் என்று ஊருக்கே தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் 26 மாதக்காரர் அப்படிப்பட்டவரா என்று பாருங்கள். அந்த ஒரு வழக்கு நகர்வதைப் பார்த்தே மற்றவர்கள் கட்டத் தொடங்குவார்கள். செலவையும் முதலிலேயே பொதுக்குழுவில் சொல்லிவிடுங்கள். வக்கீல் கட்டணம் முழுவதும் திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

தீர்ப்பு வாங்கிய பிறகுதான் பலர் சோர்ந்து போகிறார்கள். தீர்ப்பாணை பணம் அல்ல, அதை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனுப் போட வேண்டும். இங்கே வாடகைக்கு விட்ட வீடு உங்களுக்குச் சாதகம். வாடகைதாரர் உரிமையாளருக்குத் தரவேண்டிய வாடகையையே முடக்கி நீதிமன்றத்தின் மூலம் வாங்க முடியும். உண்மையில் அதுவரை போக வேண்டிய தேவையே இல்லாமல், ஆரம்பத்திலேயே மூன்று பேரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கிவிடலாம்: வாடகைதாரர் கட்டணத்தை நேராகச் சங்கத்துக்குக் கட்டுவார், வாடகையில் கழித்துக்கொள்வார், உரிமையாளர் சம்மதிக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஆளின் வீட்டில் யாராவது குடியிருந்தால் முதலில் இதைத்தான் முயல்வேன். பூட்டிக் கிடந்தால் பவர் ஆஃப் அட்டர்னி யாரிடம் என்று விசாரியுங்கள். சொத்து வரி ரசீதில் உள்ள முகவரியும் உதவும்.

கட்டட நிறுவனத்தாரையும் மறக்காதீர்கள். அறுபதில் விற்காத வீடு இரண்டு மூன்று இருந்தால், பல வளாகங்களில் மிகப் பெரிய பாக்கிக்காரர் அவர்தான். "இன்னும் விற்கவில்லை, எனக்கு எதற்குக் கட்டணம்" என்பார். விற்காத வீட்டுக்கு உரிமையாளர் அவரேதான். மலேசியச் சட்டம் விற்காத வீடுகளுக்கும் கட்டணத்தைக் கட்டச் சொல்லி இதை எழுதியே வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் வளாகத்தைச் சங்கத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் இந்த வரி இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால், அவர் உங்களிடம் அடுத்த கையெழுத்துக்கு வரும்போது கேளுங்கள், நிச்சயம் வருவார்.

வீடு கைமாறும் நேரம் வசூலுக்கு மிக நல்ல நேரம். சங்கம் தரும் தடையின்மைச் சான்று (NOC) இல்லாமல் கிரயம் பதிவாகாது என்பது எல்லா ஊரிலும் உண்மையல்ல. ஆனால் வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி கேட்கும், விவரம் தெரிந்த வாங்குபவரும் கேட்பார். மகாராஷ்டிரா, கர்நாடகச் சட்டங்களில் பாக்கிப் பொதுச் செலவு வீட்டின் மீது பொறுப்பாக ஏறும். அரசு, நகராட்சி வரிகளும் முதல் அடமானமும் மட்டுமே அதற்கு முன்னால் நிற்கும். விற்பவரோடு வாங்குபவரும் சேர்ந்து பொறுப்பாவார், அதனால் பாக்கி எவ்வளவு என்று சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஸ்பெயினில் வாங்கிய வீடு, நடப்பு ஆண்டோடு முந்தைய மூன்று ஆண்டுப் பாக்கிக்கும் ஈடாக நிற்கும். எனவே யாராவது வாங்குபவர் என்று சொல்லிச் சங்க அலுவலகத்துக்கு வந்தால் "அது அவர்கள் சொந்த விஷயம்" என்று அனுப்பிவிடாதீர்கள். கையொப்பமிட்ட பாக்கிச் சான்று கொடுங்கள். தொகையைக் குறைத்தும் எழுதாதீர்கள். வாங்குபவர் அந்தத் தாளை நம்பித்தான் பணம் தருகிறார், பிறகு கூடக் கேட்க முடியாது.

வங்கி ஏலத்துக்கு வந்த வீடு என்றால் ஏல அறிவிப்பு வெளியான உடனே வங்கியின் அதிகாரிக்குப் பாக்கிக் கணக்கை எழுத்தில் அனுப்புங்கள். ஏல அறிவிப்பிலேயே அந்தத் தொகை ஏறினால் ஏலம் எடுப்பவர் அதைக் கணக்கில் கொண்டே விலை கேட்பார். ஏலம் முடிந்து சாவி மாறிய பிறகு போனால் நீண்ட வழக்குத்தான். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் எல்லாருக்கும் பெயர் சொல்லிக் கடிதம் போக வேண்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர் தனக்குத் தெரியாது என்பார்.

ஒன்பது வீடுகள் கட்டாவிட்டாலும் காவலாளி சம்பளமும் லிஃப்ட் ஒப்பந்தமும் குறையாது. மீதி 51 வீடுகள் ஆளுக்குச் சுமார் 18 விழுக்காடு கூடுதலாகச் சுமக்கின்றன. அடுத்த பொதுக்குழுவில் இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள், யார் பெயரையும் சொல்ல வேண்டாம். மூன்று மாதத்தில் முறையான கடிதம், ஆறாவது மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் என்ற விதியை அதே கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள். 26 மாதக்காரருக்குப் போக வேண்டிய கடிதம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பேரேட்டைப் பிரித்தெழுதி முடித்த அன்றே போகட்டும். இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால் அவருடைய முதல் மாதத் தவணை காலாவதியாக இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது.